தறியை விற்க வேண்டாம், அண்ணாச்சி

அண்ணாச்சி, பன்னிரண்டாவது முடித்த உங்கள் மகள் அடுத்து என்ன படிப்பது என்று கேட்டுப் போன வாரம் நீங்களும் மதினியும் வந்து உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில், பத்திரிகைப் படிப்புதான் வேண்டும் என்று பாப்பா பேசியது நாலே நாலு வரி. மீதியெல்லாம் உங்கள் தம்பிதான் பேசினார். சென்னைப் பக்கம் ஒரு காலேஜ், மேனேஜ்மென்ட் கோட்டா, கம்ப்யூட்டர் சயின்ஸ், இந்த மாதமே பணம் கட்டினால்தான் சீட் நிற்கும், அதற்கு ஆறு தறியில் இரண்டை விற்றுவிடலாம். "பத்திரிகைப் படிப்பு பொம்பளப் பிள்ளைக்குச் சோறு போடுமா?" என்று அவர் கேட்டபோது மதினிக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் அன்றைக்கு, கவலைப்படாதீர்கள், பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்படிப் பூசி மெழுகியிருக்கக் கூடாது.

அந்த சீட் வேண்டாம். கணக்கில் 52 எடுத்த பிள்ளை, பத்தாவதிலிருந்தே கணக்கு பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிற பிள்ளை, முதல் செமஸ்டரிலேயே அரியர் வைப்பாள். அதற்காகத் தறியை விற்றால் வீட்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எட்டாவது படிக்கிற பையனையும் நீங்கள்தான் படிக்க வைக்க வேண்டும், தம்பி வந்து கட்ட மாட்டார்.

கிளம்பும்போது பாப்பா தயங்கித் தயங்கி என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்தாளே, அதை நீங்கள் பிரித்துப் பார்த்ததுண்டா? உங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்த 41 நாளை எழுதி வைத்திருக்கிறாள். தேதி, லாரி வந்த நேரம், வீட்டுக்கு எத்தனை குடம், யாருக்குக் கிடைக்கவில்லை, எல்லாம் இருக்கிறது. ஒரு பக்கத்தில், "டிரைவர் சொன்னது: மோட்டார் ரிப்பேர். மோட்டார் ரூம் அண்ணன் சொன்னது: கரண்ட் இல்லை. எது சரி என்று இன்னொருவரிடம் கேட்கணும்" என்று இருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்க்கிறாள். வேலைக்குச் சேருகிற நிருபர்களுக்கு இதைப் பழக்கவே மாதக்கணக்கில் ஆகும்.

டி.வி.யில் செய்தி வாசிப்பது, விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல், படித்து சினிமாவுக்குப் போவது, இதையெல்லாம் நான் பேசப்போவதில்லை. சொல்ல ஊரில் ஆள் இருக்கிறார்கள். யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது: அறிவியல் தொடர்பியல். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில், நாகமலை தாண்டி தேனி ரோட்டில், இதழியலும் அறிவியல் தொடர்பியலும் சேர்ந்த துறையே இருக்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கே அது தெரியவில்லை.

அது என்ன வேலை என்று மதினி கேட்டால் இதைச் சொல்லுங்கள். ஒரே நாளில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தால் வானிலை மையம் அதை அதி கனமழை என்கிறது. இந்த எண் அப்படியே பேப்பரில் வந்தால் யாருக்கு என்ன புரியும்? ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். அப்படியானால் 500 சதுர அடி மொட்டை மாடியில் 200 மில்லிமீட்டர் பெய்தால் 9 ஆயிரம் லிட்டருக்கு மேல், அதாவது ஒரு பெரிய தண்ணீர் லாரி முழுக்க உங்கள் தலைக்கு மேல் கொட்டுகிறது. இப்படிச் சொன்னால் ஓட்டு வீட்டில் இருக்கிறவர் அன்றைக்கு ராத்திரியே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேறு இடம் போவார். எண்ணைக் குடமாகவும் லாரியாகவும் மாற்றிச் சொல்ல அறிவியலும் தெரிய வேண்டும், நல்ல தமிழும் வேண்டும். இரண்டும் உள்ளவர்கள் குறைவு. நாளிதழுக்கு மட்டுமில்லை, மருத்துவமனைக்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் இப்படி எழுதுகிறவர் தேவை. பாம்பனில் கடல் ஓசை என்ற சமுதாய வானொலி 2016 முதல் மீனவர்களுக்காகவே நடக்கிறது, கடலுக்குப் போகிறவருக்குக் காற்றும் அலையும் எப்படி என்று அவர் பேச்சிலேயே சொல்ல அங்கேயும் ஆள் வேண்டுமில்லையா?

அந்த அறிவியல் தொடர்பியல் முதுகலைப் படிப்பு, அதனால் இப்போது அவசரமே இல்லை. முதலில் மதுரையில் அரசு மகளிர் கல்லூரியில் தாவரவியலோ விலங்கியலோ, எது என்பதை அவளே சொல்லட்டும், மூன்று வருஷம் படிக்கட்டும். அவள் அரசு உதவிபெறும் பள்ளியில் ஆறாவதிலிருந்து தமிழ் வழியில் படித்தவள், அதனால் புதுமைப்பெண் திட்டத்தில் பட்டம் முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும், சேர்ந்தவுடன் கல்லூரியில் கேளுங்கள். மூன்றாம் வருஷம் ஒருநாள் பல்கலைக்கழகத்துக்கு நேரில் போய், துறையில் எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கேமராவும் ரெக்கார்டரும் மாணவர் கைக்கு வருகிறதா, எந்தெந்தப் பட்டத்துக்கு இடம் தருகிறார்கள் என்று விசாரியுங்கள். திருப்தி இல்லையென்றால் சென்னைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 1947லேயே இதழியல் படிப்பு தொடங்கிய இடம் அது. உங்கள் தம்பி நினைக்கிற மாதிரி நேற்று முளைத்த படிப்பு இல்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. முதல் இரண்டு மூன்று வருஷம் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், நாளிதழ் என்றால் ராத்திரி ஷிஃப்டும் உண்டு. அதனால்தான் சொல்கிறேன், இந்தப் படிப்புக்காகக் கடன் வாங்கவே கூடாது. லட்சக்கணக்கில் கேட்கிற தனியார் மீடியா அகாடமிக்கும் இதே பதில்தான். கடன் இல்லாத பிள்ளைதான் பிடித்த வேலையில் தாக்குப்பிடிப்பாள்.

அப்புறம், இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். அந்தத் தண்ணீர் லாரி பற்றி நகராட்சிக்கு ஓர் ஆர்.டி.ஐ. மனு, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். உங்கள் வார்டுக்கு எந்தெந்தத் தேதியில் எத்தனை நடை வந்தது என்பது மட்டும்தான் கேள்வி. கையெழுத்து உங்களுடையது, எழுதுவது பாப்பா. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். பதில் வந்த அன்றைக்குத் தறியை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு, அந்த 41 நாள் நோட்டோடு அவள் ஒப்பிட்டுப் பார்க்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். தம்பியையும் கூப்பிடுங்கள்.