லினக்ஸ் அப்கிரேடுக்குப் பின் தமிழ் 99 மறைந்துபோவது ஏன்?

உபுண்டு லினக்ஸின் புதிய பதிப்புக்கு மாறியதும் தமிழ் 99 கீபோர்டு லேஅவுட் காணவில்லை, ஸ்டார்ட்அப்பில் போட்டு வைத்த, லேஅவுட்டை மாற்றும் செட்எக்ஸ்கேபிமேப் கட்டளையும் பலிக்கவில்லை என்கிறீர்கள். பிரச்சினை எங்கே என்பதை அந்தக் கட்டளையே காட்டிக்கொடுக்கிறது.

செட்டிங்ஸில் சிஸ்டம் விவரங்களைத் திறந்து, விண்டோயிங் சிஸ்டம் (திரையில் ஜன்னல்களைக் காட்டும் அமைப்பு) என்ற வரியைப் பாருங்கள். பெரும்பாலும் வேலண்ட் என்றுதான் இருக்கும். உபுண்டு 25.10 முதல், அதன் டெஸ்க்டாப்பான க்னோமுக்கு, பழைய விண்டோயிங் சிஸ்டமான எக்ஸ்11 செஷனே கிடையாது. செட்எக்ஸ்கேபிமேப் எக்ஸ்11-க்கான கட்டளை. வேலண்டில் கீபோர்டைத் தீர்மானிப்பது க்னோம். ஆகவே ஸ்டார்ட்அப்பில் உள்ள அந்தக் கட்டளையை எடுத்துவிட்டு, செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போய் தமிழைச் சேருங்கள். அங்கே சேர்ப்பது உங்கள் கணக்கிலேயே பதிவாகிவிடும், ரீஸ்டார்ட் செய்தாலும் போகாது.

அந்தப் பட்டியலில் தமிழ் 99 இல்லையென்றால், அதைத் தரும் ஐபஸ்-எம்17என் பேக்கேஜ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நிறுவி, ஒருமுறை லாக்அவுட் செய்து வாருங்கள். அப்புறம், தமிழ்நெட் 99 என்ற பெயரில் வரும் சாதாரண லேஅவுட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எழுத்துகள் அதே இடத்தில்தான் இருக்கும், ஆனால் புள்ளி தானாக விழாது. அ, க, க, ஆ என்று தட்டிப் பாருங்கள்: அக்கா என்று வந்தால் சரியானது. தமிழ் 99-இன் வேகமே அந்தத் தானியங்கிப் புள்ளியில்தான் இருக்கிறது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது.

லாகின் திரையில் மட்டும் லேஅவுட் மாறியிருந்தால் அது வேறு விஷயம். அதற்கான அமைப்பு எட்சி அடைவில், டிஃபால்ட் என்பதற்குள் கீபோர்டு என்ற கோப்பில் இருக்கிறது. டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கட்டளை மூலம் கீபோர்டு-கான்ஃபிகரேஷன் பேக்கேஜின் அமைப்பை மறுபடி ஓட்டினால் திருத்தலாம். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்தவர்கள் அதோடு, பூட் தொடக்கத்தில் பயன்படும் கோப்பைப் புதுப்பிக்கும் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையையும் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் பூட் ஆகும்போது கடவுச்சொல் கேட்கும் இடத்தில் பழைய லேஅவுட்தான் இருக்கும். சரியான கடவுச்சொல்லைத் தட்டியும் தவறு என்றே சொல்லும்.

யூஎஸ்ஆர் அடைவுக்குள் இருக்கும், கீபோர்டு லேஅவுட்டுகளை வரையறுக்கும் எக்ஸ்கேபி கோப்புகளை நீங்களே திருத்தியிருந்தால், எக்ஸ்கேபி-டேட்டா பேக்கேஜ் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அந்தத் திருத்தம் அழிந்துவிடும். அதை ஹோம் அடைவில் மறைந்திருக்கும் கான்ஃபிக் என்பதற்குள், எக்ஸ்கேபி என்றொரு அடைவு உருவாக்கி வையுங்கள். வேலண்டில் அது படிக்கப்படும், அப்கிரேடும் அங்கே கை வைக்காது.