இசைப் பத்திரிகை அட்டையைப் பார்த்ததுமே அது எந்த வயதினருக்கு, ஆணுக்கா பெண்ணுக்கா என்று எப்படித் தெரிகிறது?

எழுத்தைப் படிக்கும் முன்பே நிறம், எழுத்துரு, படத்தில் இருப்பவரின் நிற்கும் விதம் மூன்றும் சேர்ந்து "இது உனக்கானது" என்று சொல்லிவிடுகின்றன. காட்சி வடிவமைப்பு வயதையும் பாலினத்தையும் சித்தரிப்பது என்றால் இதுதான்.

வண்ணாரப்பேட்டையில் பேனர்களைக் கவனியுங்கள். ரோஜா நிறமும் பூக்களும் இருந்தால் மஞ்சள் நீராட்டு விழா. கூலிங்கிளாஸும் சிங்கமும் நெருப்பும் இருந்தால் ஏதோ ஒரு தம்பியின் பிறந்தநாள். பெயரைப் படிக்கவே வேண்டாம்.

பத்திரிகைகளும் அப்படித்தான். பிரிட்டனில் 1978-இல் தொடங்கி 2006-இல் நின்றுபோன ஸ்மாஷ் ஹிட்ஸ் பதின்வயதினருக்கானது: பளிச்சென்ற நிறங்கள், சிரித்த முகங்கள், பாடல் வரிகள். 1981-இல் வந்த கெராங் கனமான ராக் இசைக்கானது; அதன் பெயரே உடைந்த கண்ணாடி போன்ற எழுத்தில் இருக்கும். 1993-இல் வந்த மோஜோ பழைய ராக் ரசிகர்களுக்கானது என்பதால் பழைய புகைப்படங்களை விரும்பும்.

காரணம் வியாபாரம். கடைத்தட்டில் வாங்குபவரின் கண் ஓரிரு நொடிதான் நிற்கும். அப்புறம், விளம்பரதாரருக்கும் "எங்கள் வாசகர் இன்னார்" என்று காட்டியாக வேண்டும்.

பாலினத்தில்தான் எனக்கு உறுத்தல். ஆண் கலைஞர் பெரும்பாலும் கிட்டாரோடு முறைப்பார். பெண் கலைஞரிடம் வாத்தியத்தைவிட உடையும் உடலும்தான் முன்னால் நிற்கும். அவரும் கிட்டார் வாசிப்பவர்தானே!

ரோஜா நிறம் இயல்பிலேயே பெண்களுக்கானது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் அதை ஆண் குழந்தைகளுக்குப் பரிந்துரைத்தவர்களும் உண்டு.