நீளக் குழல் தூரம் அடிக்குமா?

கேள்வி: வன்னியில் வயல் செய்த எங்கள் பேரனாரிடம் உத்தரவுப்பத்திரத்துடன் இருந்த இரட்டைக்குழல் துவக்கின் குழல் 32 அங்குலம். “நீளக் குழல்தான் தூரம் அடிக்கும்” என்பது அவர் வாக்கு. இப்போது ரொறன்ரோவில் களிமண் தட்டுச் சுடும் விளையாட்டில் சேர்ந்திருக்கும் என் மருமகன், 28 அங்குலம் வாங்குவதா 32 அங்குலம் வாங்குவதா என்று கேட்கிறான். பேரனார் சொன்னதையே அவனுக்குச் சொல்லலாமா?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: பேரனாரின் வாக்கு அவருடைய காலத்துக்கும் முந்திய ஒரு காலத்தின் உண்மை. கறுப்பு வெடிமருந்து பயன்பட்ட நாட்களில் அதன் முழு வேகத்தையும் பெறுவதற்கு நீண்ட குழல் வேண்டும் என்று கருதப்பட்டதால், 30 அங்குலமும் அதற்கு மேற்பட்டதும் வழக்கமாயின. புகையற்ற மருந்து வந்த பின்னர் அது குழலின் முதற் பாதியைக் கடப்பதற்குள்ளேயே பெரும்பாலும் எரிந்து முடிந்துவிடுகிறது. அதன் பிறகு கூடும் ஒவ்வோர் அங்குலமும் தோட்டாவிலுள்ள சிறு குண்டுகளான சன்னங்களின் வேகத்தைச் செக்கனுக்கு ஏறத்தாழ 5 முதல் 10 அடி வரையே உயர்த்தும். செக்கனுக்கு 1,200 அடி வேகத்தில் பறக்கும் சன்னத்துக்கு இது ஒரு பொருட்டல்ல. இலண்டனில் துவக்குச் செய்த றொபேட் சேர்ச்சில் 1920களிலேயே 25 அங்குலக் குழலைத் துணிந்து விற்றார்.

தூரத்தில் சன்னங்கள் சிதறாமல் செல்வதைத் தீர்மானிப்பது குழல் வாயில் உள்ள சிறு ஒடுக்கம். அதைச் சோக் என்பார்கள். 40 யார் தூரத்தில் 30 அங்குல விட்டமுள்ள வட்டத்துக்குள், ஒடுக்கமே இல்லாத குழல் ஏறத்தாழ 40 சதவீதச் சன்னங்களையும், முழு ஒடுக்கமுள்ள குழல் ஏறத்தாழ 70 சதவீதத்தையும் போடும். பேரனாரின் துவக்கு தூரம் அடித்திருந்தால், அந்தப் பெருமை பெரும்பாலும் இந்த ஒடுக்கத்துக்கே உரியது.

அப்படியானால் நீளம் எதற்கு? கைக்கு. நீண்ட குழலில் பாரம் முன்னால் இருப்பதால், அது பறக்கும் தட்டின் பின்னே ஒரே சீராக நகரும், இடைநடுவே நின்றுவிடாது. சுடுபவரை விட்டு விலகிப் பறக்கும் தட்டுகளைச் சுடும் டிராப் போட்டிக்கு 30 அல்லது 32 அங்குலம் விரும்பப்படுவது இதனால்தான். குறுக்கே, கிட்டத்தில் பறக்கும் தட்டுகளுக்கான ஸ்கீட்டுக்கு 28 போதும். ஒன்றை மறந்துவிட வேண்டாம்: தானியங்கித் துவக்கில் பொறிப்பகுதியே சில அங்குலம் கூடுதலாக நீளும் என்பதால், 28 அங்குலத் தானியங்கியும் 32 அங்குல இரட்டைக்குழலும் மொத்த நீளத்தில் ஏறத்தாழச் சமமாகவே நிற்கும். மருமகன் உயரம் குறைந்தவராயின் 28 இலிருந்து தொடங்கட்டும். வாங்குவதற்கு முன் கழகத்துத் துவக்குகள் இரண்டையும் தோளில் வைத்துப் பார்ப்பது என் ஆலோசனையிலும் மேலானது.

கேள்வி: பழைய தோட்டாப் பெட்டி ஒன்றில் 12, 70, 6 என்ற எண்களையும், வேறொன்றில் எஸ்.ஜி. என்ற எழுத்துகளையும் கண்டேன். இவை எதைக் குறிக்கின்றன?
— வாசகர், கரவெட்டி

பதில்: 12 என்பது குழலின் அளவு. ஓர் இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை அடைக்கும் குழல் 12 போர். அதன் விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். 20 உருண்டைகளாக்கினால் 20 போர், 15.6 மில்லிமீற்றர். எனவே எண் கூடக் குழல் சிறுக்கும். 6 என்பது சன்னத்தின் பருமன்; பறவைகளுக்குரிய இந்தச் சிறு சன்னங்களிலும் எண் கூடினால் சன்னம் சிறுக்கும். எஸ்.ஜி. என்பது காட்டுப்பன்றி போன்ற பெரிய விலங்குக்குரிய, 8 மில்லிமீற்றரைத் தாண்டும் பருத்த ஈயக்குண்டு. ஒரு தோட்டாவில் எட்டு, ஒன்பது குண்டுகள்தான் அடங்கும். சன்னங்களுக்குப் பதிலாக ஒரே பெரிய குண்டைக் கொண்ட தோட்டாவும் உண்டு, அது ஸ்லக்.

70 என்பதுதான் கவனிக்க வேண்டிய எண். அது மில்லிமீற்றரில் தோட்டாவின் நீளம், அதுவும் சுட்ட பின்னர் அதன் நுனியை மூடியிருந்த மடிப்பு விரிந்த நிலையில் உள்ள நீளம். பழைய பிரித்தானியத் துவக்குகள் பலவற்றில் தோட்டா இருக்கும் அறை 65 மில்லிமீற்றரே. மடித்த 70 அதற்குள் எளிதாக நுழையும். ஆனால் சுடும்போது மடிப்பு விரிய இடமின்றிக் குழலின் ஒடுங்கிய பகுதிக்குள் செல்வதால் அமுக்கம் அபாயகரமாக உயரும். தோட்டாவின் போர் அளவு மாறினால் இதைவிட மோசம்: 12 போர்க் குழலில் தவறி விழுந்த 20 போர்த் தோட்டா, அறையைத் தாண்டிச் சென்று சிக்கி நிற்கும். அதை அறியாமல் பின்னால் ஒரு 12 ஐயும் இட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். குழலைத் தாங்கும் கை அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும்.