பிரெஞ்சு கட்டாயப் பாடமாக வேண்டுமா?

கேள்வி: ஐயா, உப்புவெளியில் சிறியதொரு விருந்தினர் விடுதி நடத்துகிறோம். மகள் எட்டாம் தரம் படிக்கிறாள். பிரெஞ்சு, ஜெர்மன் போன்ற வெளிநாட்டு மொழியொன்றை எல்லாப் பாடசாலைகளிலும் கட்டாயமாக்கினால் நம் பிள்ளைகளுக்கு நல்லதுதானே?
– வாசகி, திருகோணமலை

பதில்: மகள் தாராளமாகப் படிக்கட்டும், தங்கச்சி. கட்டாயம் மட்டும் வேண்டாம்.

ஆங்கிலம் சாதாரண தரப் பரீட்சையில் ஏற்கெனவே கட்டாயப் பாடம். ஆறாம் தரத்திலிருந்து இரண்டாம் மொழியாகச் சிங்களமும் இருக்கிறது. அது எப்படி நடக்கிறது? எங்கள் அயல்வீட்டுப் பிள்ளையின் சிங்களக் கொப்பியை அண்மையில் புரட்டினேன். முத்து முத்தான எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் சரி. ஒரு வரி வாசிக்கச் சொன்னேன், பிள்ளை விழித்தாள். சிங்கள ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனபின் வேறொருவர் வரவேயில்லையாம். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவதுதான் பாடமாம். மூவின மக்களும் வாழும் இந்த மாவட்டத்தில், சிங்களம் பேசுவோர் அதிகமுள்ள கந்தளாய்க்குப் போனால் வழி கேட்கவும் தெரியாமல் அவள் வளர்கிறாள். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

நாளை பிரெஞ்சையும் கட்டாயமாக்கினால் கொழும்பின் பெரிய பாடசாலைகளுக்கு ஆசிரியர் கிடைப்பார். குச்சவெளிக்கும் வெருகலுக்கும் யார் வருவார்? அங்கே இன்னுமொரு கொப்பி நிரம்பும், அவ்வளவுதான்.

தேவையும் கேட்கும் வாய்ப்பும் இருந்தால் மொழி தானாக வரும். கிண்ணியாவில் அரபு படிக்கும் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதும் பழக்கம் சிறுவயதிலேயே கைகொடுக்கிறது. கொரியாவுக்கு வேலைக்குப் போக நினைக்கும் இளைஞர்கள் அதற்கான மொழிப் பரீட்சைக்கு இராப்பகலாகப் படிக்கிறார்கள். நிலாவெளியில் புறாத்தீவுக்குப் படகு ஓட்டும் தம்பி ஒருவர் பவளப்பாறையைக் காட்டி ஜெர்மன் மொழியில் விளக்கியதை நானே கேட்டேன். அவர் வகுப்புக்குப் போனவர் அல்லர்.

உங்கள் மகளுக்கு அந்த வாய்ப்பு வீட்டிலேயே இருக்கிறது. விருந்தினருக்குக் காலை உணவு பரிமாறும்போது அவளையும் பேசவிடுங்கள். பிரெஞ்சும் ஜெர்மனும் சாதாரண தரத்தில் விருப்பப் பாடங்களாக உண்டு. பத்தாம் தரத்துக்கு முன் தெரிவு செய்ய வேண்டும். அதைக் கற்பிக்க ஆள் இருக்கிறாரா என்று அதிபரிடம் இப்போதே விசாரியுங்கள்.

அதோடு, சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் கேட்டு, பெற்றோர் சேர்ந்து வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். கையெழுத்து வைக்க நானும் வருகிறேன்.