முன்பணம் கட்டுமுன் ரசீதைப் பாருங்கள்

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் வணிகவியல் எடுத்து இந்த ஆண்டு முடித்தாள். கிராஃபிக் டிசைன்தான் படிப்பேன் என்கிறாள். உள்ளூர்க் கலை அறிவியல் கல்லூரியில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) கிடைக்கும். கோவையில் ஓர் அகாடமி பி.டெஸ். என்ற டிசைன் பட்டம் தருவதாகச் சொல்கிறது, ஆண்டுக்கு 2,40,000 ரூபாய். இந்த வாரத்துக்குள் 25,000 ரூபாய் கட்டி, அசல் மார்க்‌ஷீட்டையும் டி.சி.யையும் கொடுத்தால் சீட் உறுதி என்கிறார் கன்சல்டன்ட். கட்டலாமா? – ஒரு தந்தை, திண்டுக்கல்

பதில்: கட்டாதீர்கள். அசல் சான்றிதழ்களையும் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

நம் நாட்டில் பட்டம் கொடுக்கும் அதிகாரம் பல்கலைக்கழகத்துக்கும், அதற்கு இணையான தகுதி பெற்ற நிறுவனங்களுக்கும், நாடாளுமன்றச் சட்டம் அதிகாரம் தந்த நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. 1956ஆம் ஆண்டின் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டம் 22ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. அகாடமிக்கு அந்த அதிகாரம் கிடையாது. அப்படியானால் உங்கள் மகளின் பி.டெஸ். எங்கிருந்து வரும்? பெரும்பாலும் நடப்பது இது: அகாடமி தன் சொந்த டிப்ளமோவை நடத்துகிறது. மாணவியின் பெயரை வேறு மாநிலத்தில் இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்து விடுகிறது. சில இடங்களில் அது தொலைநிலைப் படிப்பு. சில இடங்களில் பட்டத்தின் பெயர் பி.டெஸ்.கூட இல்லை, பி.ஏ. என்றோ பி.வோக். (தொழிற்கல்விப் பட்டம்) என்றோ இருக்கும். கன்சல்டன்ட் இதை 'டை-அப்' என்பார். தனியார் பல்கலைக்கழகம் வெளி மாநிலத்தில் கல்லூரிகளை இணைத்துக்கொள்ளவோ, ஃபிரான்சைஸ் கொடுத்து வகுப்பு நடத்தவோ யுஜிசி விதி அனுமதிப்பதில்லை. இதை எச்சரித்து யுஜிசி பலமுறை அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது. ஆனால் அந்த அறிவிப்பு டெல்லி இணையதளத்தில் ஒரு பிடிஎஃப் ஆகக் கிடக்கிறது. அகாடமியின் பேனர் உங்கள் பேருந்து நிலையத்தில் தொங்குகிறது. எதைப் பெற்றோர் பார்ப்பார்கள்?

சட்டம் படிக்காமலே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அந்த 25,000 ரூபாய்க்கு மாதிரி ரசீது ஒன்றைக் கேளுங்கள். அதில் பயிற்சிக் கட்டணம் 21,186, சி.ஜி.எஸ்.டி. 1,907, எஸ்.ஜி.எஸ்.டி. 1,907, மொத்தம் 25,000 என்று பிரித்துப் போட்டிருந்தால் விஷயம் முடிந்தது. சட்டம் ஏற்ற பட்டப்படிப்புக்கான கல்விக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. தனியார் பயிற்சிக்கு 18 சதவீதம் உண்டு. அதாவது, இது பட்டப்படிப்புக் கட்டணம் அல்ல என்று அரசுக்கு அவர்களே எழுதிக் கொடுக்கிறார்கள்; உங்களிடம் வாய்மொழியாக வேறு சொல்கிறார்கள். ரசீதே தர மாட்டோம், கூகுள் பே போதும் என்றால் அது இன்னும் மோசம்.

அடுத்து, மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் வரும், பட்டத்தின் பெயர் என்ன, அது நேரடி வகுப்பா தொலைநிலையா. நேரடி என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள் பட்டியலில் இந்த முகவரி இருக்க வேண்டும். தொலைநிலை என்றால் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில், அந்த ஆண்டுக்கு, அந்தப் படிப்புக்கு அனுமதி காட்ட வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது.

அசல் சான்றிதழ் விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் ஏராளம். சரிபார்த்தவுடன் அசலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018இல் தெளிவாக அறிவித்தது. அதே அறிவிப்பில் கட்டணத்தைத் திருப்பித் தரும் கணக்கும் உண்டு: சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கும் மேலோ இருக்கும்போது விலகினால் சிறு செயலாக்கக் கட்டணம் போக முழுத் தொகை, 15 நாளுக்குள் 90 சதவீதம், தேதி கடந்து 15 நாள் வரை 80, முப்பது நாள் வரை 50. இது கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும். அகாடமிக்கும் கன்சல்டன்ட்டுக்கும் இந்த விதி பொருந்தாது. அதனால்தான் அவர்கள் மார்க்‌ஷீட்டைப் பிடித்து வைக்கிறார்கள். வேறு கல்லூரியில் இடம் கிடைக்கும்போது உங்கள் கையில் காகிதம் இருக்காது. முழு ஆண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்பார்கள்.

கடன் வாங்கித்தான் படிக்க வைக்க வேண்டும் என்றால் இன்னொரு சிக்கல். அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு வங்கிகளின் கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை. அகாடமி டிப்ளமோவுக்கு அது கிடைக்காது. உடனே, 'நாங்களே லோன் ஏற்பாடு செய்கிறோம்' என்று ஒரு நிதி நிறுவனத்தின் படிவத்தை நீட்டுவார்கள். அது உங்கள் பெயரில் வாங்கும் தனிநபர் கடன். மகள் இரண்டாவது மாதமே நின்றாலும் தவணை நிற்காது. மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் போய்விடும்.

டிப்ளமோவே வேண்டாம் என்பதல்ல. ஏற்கெனவே ஒரு பட்டம் கையில் இருப்பவர், விளம்பர நிறுவனத்திலோ அச்சகத்திலோ வேலைக்குப் போக ஆறு மாதம், ஓராண்டு டிசைன் டிப்ளமோ படிப்பது நல்ல முடிவு. தனியார் வேலையில் போர்ட்ஃபோலியோவை, அதாவது செய்த வேலைகளின் தொகுப்பைத்தான் பார்ப்பார்கள். அப்போதும் 'பட்டம்' என்ற சொல்லை யாரும் உச்சரிக்கக் கூடாது, கட்டணத்தை மாதத் தவணையில் கட்ட வழி இருக்க வேண்டும், பாடம் எடுப்பவர் நடப்பில் டிசைன் வேலை செய்கிறவராக இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் தாராளமாகச் சேரலாம். உங்கள் மகள் பிளஸ் டூ முடித்த கையோடு நிற்கிறாள். அவளுக்கு முதலில் வேண்டியது பட்டம். அரசு வேலைக்கும் மேற்படிப்புக்கும் கேட்பது அதைத்தான்.

இனி விஸ்காம். கிராஃபிக் டிசைனும் விஸ்காமும் ஒன்று என்ற எண்ணம் இங்கே வேரோடிப் போயிருக்கிறது. கலை அறிவியல் கல்லூரிகளின் மூன்றாண்டு பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷனில் புகைப்படம், குறும்படம், விளம்பரம், தொலைக்காட்சி, ஊடகக் கோட்பாடு எல்லாம் உண்டு. டிசைன் பல இடங்களில் ஒன்றிரண்டு தாள்தான். அரசு கவின்கலைக் கல்லூரியின் நான்காண்டுக் கவின்கலைப் பட்டமான பி.எஃப்.ஏ.வில் விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் என்றொரு பிரிவு இருக்கிறது. அது டிசைன் படிப்பு. ஒரே மாதிரிப் பெயரை வைத்து இரண்டு வெவ்வேறு படிப்புகளை நடத்தி, வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் கட்டுகிறோம்.

உள்ளூர்க் கல்லூரிக்குப் போய் ஆறு செமஸ்டர் பாடத்திட்டத்தையும் இறுதி ஆண்டின் வார அட்டவணையையும் கேளுங்கள். எழுத்துருவியல், லேஅவுட், அச்சுத் தயாரிப்பு மூன்றுக்கும் தனித்தனித் தாளோ ஸ்டுடியோ நேரமோ இருக்கிறதா பாருங்கள். ஃபோட்டோஷாப், கோரல்டிரா என்று மென்பொருள் பெயர்களே பாடத்தின் பெயர்களாக இருந்தால் அது டிடிபி வகுப்பு, கணினியில் பக்கம் அமைக்கும் பயிற்சி மட்டுமே. மென்பொருளை வீட்டிலேயே கற்கலாம்.

பிறகு மகளை அழைத்துக்கொண்டு போய், இறுதி ஆண்டு மாணவர் ஒருவர் செய்த தமிழ்த் துண்டறிக்கை ஒன்றைக் கணினியில் திறந்து காட்டச் சொல்லுங்கள். உங்கள் கண்ணுக்கே தெரியும் விஷயங்கள்தான். நான்கு பக்கமும் வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டிருக்கிறாரா. விடாவிட்டால் கட்டிங் மெஷினில் நூலிழை நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். சின்ன எழுத்துகள் கறுப்பு மை ஒன்றில் மட்டும் இருக்கின்றனவா. நான்கு மையும் கலந்திருந்தால் ஆஃப்செட்டில் பிளேட் துளி விலகினாலும் எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் தெரியும். 'கொ' என்ற எழுத்தில் கொம்பு தனியாக, கால் தனியாகப் புள்ளி வட்டத்தோடு சிதறி நிற்கிறதா. அப்படியென்றால் இந்திய மொழிகளுக்கான எழுத்தமைப்பு வசதியை மென்பொருளில் இயக்கவே அவருக்குச் சொல்லித் தரவில்லை. வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைத்த அளவிலேயே விட்டிருந்தால், மேல் வரியின் 'கு' கீழ் வரியின் 'கி'யில் இடிக்கும். இறுதி ஆண்டு மாணவரின் வேலையிலேயே இவை இருந்தால் அந்தத் துறையில் டிசைன் சொல்லித்தர ஆள் இல்லை.

வேலை நன்றாக இருந்தால் விஸ்காமில் தயங்காமல் சேர்க்கலாம். மூன்றாண்டுப் பட்டத்தோடு ஐஐடி பம்பாய் நடத்தும், டிசைன் மேற்படிப்பான எம்.டெஸ்.ஸுக்குரிய நுழைவுத் தேர்வை எழுத முடியும். அதற்கு வயது வரம்பு இல்லை.

உங்கள் மகளுக்கு முதல் தேர்வாக நான் சொல்வது அரசு கவின்கலைக் கல்லூரிதான். சென்னை எழும்பூரில் இருப்பது 1850இல் தொடங்கியது, இன்னொன்று கும்பகோணத்தில். வணிகவியல் தடையில்லை. ஓவியச் செய்முறைத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். கட்டணம் அகாடமி கேட்பதில் மிகச் சிறிய பங்கு. இத்தனை பெரிய மாநிலத்தில் அரசு நடத்தும் டிசைன் படிப்புக்கு இவ்வளவுதான் இடம். அதற்கான விண்ணப்ப அறிவிப்பும் பொறியியல் கலந்தாய்வு மாதிரி ஊரறிய வருவதில்லை. கல்லூரியின் தளத்தை நீங்களேதான் தினமும் பார்க்க வேண்டும்.

இந்த ஆண்டு தவறினாலும் வாசல் அடையாது. ஐஐடிகளின் பி.டெஸ்.ஸுக்கான யூசீட் தேர்வுக்கு வழக்கமாக அக்டோபரில் விண்ணப்பம், ஜனவரியில் தேர்வு. பிளஸ் டூ முடித்த மறு ஆண்டோடு அதற்கான தகுதி போய்விடும் என்பதால் வரும் ஜனவரிதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. கூடவே என்ஐடியின் (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) நுழைவுத் தேர்வுக்கும் விண்ணப்பியுங்கள். 1961இல் அகமதாபாத்தில் தொடங்கிய அந்த நிறுவனத்தில் கிராஃபிக் டிசைன் தனிப் பிரிவாகவே இருக்கிறது. எல்லாத் தேர்வுக்கும் பொதுவான தயாரிப்பு கையால் வரைவது. தினம் ஒரு மணி நேரம், பேருந்துக்குக் காத்திருப்பவர்கள், டீக்கடை அடுப்பு, மடித்துப் போட்ட துணி என்று எதிரே இருப்பதைப் பார்த்து வரையட்டும். செல்போன் படத்தைப் பார்த்து நகலெடுத்துப் பழகியவர்கள் செய்முறைத் தேர்வில் ஒரு செம்பையும் வாழைப்பழத்தையும் எதிரே வைத்தவுடன் திணறிப் போகிறார்கள்.