தூய காங்கேயமும் ஒற்றைக் காளையும்

அன்புள்ள ஐயா,

கோவையில் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு, தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்துக்கே திரும்பி வந்திருக்கிறேன். நான்கு காங்கேயம் பசுக்கள் வாங்கியிருக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாக ஐம்பது ஆக்குவது திட்டம். ஆனால் காங்கேயமே மைசூர்ப் பக்கத்து மாட்டுக் கலப்புதான் என்று ஒரு நண்பர் சொல்கிறார். உண்மையா? என் மாடுகள் நூறு சதவீதம் தூய இனம்தானா என்பது டிஎன்ஏ பரிசோதனையில் தெரியுமா? கலப்பு வந்துவிடக் கூடாது என்பதற்காக நல்ல காளை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இனி அதையும் அதன் வாரிசுகளையும் மட்டுமே பயன்படுத்துவதாக முடிவு செய்திருக்கிறேன். ஏ2 பால் பற்றியும் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஆர்.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது நானும் காளைகளைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாள் முன்பு சித்தப்பா மகன் போன் செய்தான். அவனுடைய மயிலைப் பசு கத்துகிறது, பக்கத்தில் காங்கேயம் காளை எங்கே இருக்கிறது என்று கேட்டான். இரண்டு பேரும் தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தோம். பசு வைத்திருப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். காளை வைத்திருப்பவர் ஒருவரும் அகப்படவில்லை. சரி, அடுத்த பருவத்துக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டான். அந்த வருத்தம் தீராமல் இருக்கும்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

ஏ2 விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஏ1, ஏ2 என்பவை பாலில் உள்ள ஒரு புரதத்தின் இரண்டு வகைகள். நம் நாட்டு மாடுகள் பெரும்பாலும் ஏ2 வகைதான், காங்கேயத்துக்கென்று அதில் தனிச் சிறப்பு இல்லை. ஏ1 பால் நோய் தரும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-லேயே சொல்லிவிட்டது. காங்கேயம் உழவுக்கும், கிணற்றிலிருந்து கவலை கட்டித் தண்ணீர் இறைக்கவும், பாரம் இழுக்கவும் வளர்த்தெடுத்த மாடு. நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் கறக்கும். பால் வியாபாரத்தை நம்பி அதை வாங்காதீர்கள்.

அப்புறம் மைசூர். உங்கள் நண்பர் சொன்னதில் உண்மை இருக்கிறது, அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. உலக உணவு வேளாண் நிறுவனம் 1953-ல் வெளியிட்ட இந்திய மாட்டினங்களின் தொகுப்பு ஹள்ளிக்கார், அமிர்த மகால், கில்லாரி, பர்கூர், ஆலம்பாடி ஆகியவற்றோடு காங்கேயத்தையும் மைசூர் வகை என்ற ஒரே குடும்பத்தில்தான் வைத்தது. இந்தப் பக்கத்து மேய்ச்சல் காடுகளும் கணவாய்களும் சந்தைகளும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. மாடு நடந்து போகிற ஜீவன். திமில் உள்ள மாடுகளை மனிதன் பழக்கியது ஏறக்குறைய எட்டாயிரம் வருடங்களுக்கு முன்பு, சிந்துவெளியை ஒட்டிய பலூசிஸ்தானின் மெஹர்கர் பக்கம். அதற்குப் பல லட்சம் வருடங்களுக்கு முன்பே ஐரோப்பிய மாட்டின் வம்சம் வேறு, நம் மாட்டின் வம்சம் வேறு என்று காட்டிலேயே பிரிந்துவிட்டன. தெலங்கானாவின் உட்னூரிலும் அதைச் சுற்றிய தக்காண ஊர்களிலும் சாணம் எரிந்து மேடான சாம்பல் குன்றுகள் இன்றும் இருக்கின்றன. சுமார் ஐந்தாயிரம் வருடங்களுக்கு முன்பே அங்கே பட்டி போட்டு மாடு வளர்த்திருக்கிறார்கள். அப்படி வந்த மாடுகளிலிருந்து கொறங்காடு என்ற நம் வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தின் வெள்வேல் நிழலில், கொழுக்கட்டைப் புல்லில், பழையகோட்டைப் பட்டக்காரர் போன்றவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கியதுதான் நீங்கள் இப்போது கட்டுத்தரையில் கட்டியிருக்கும் மாடு. எங்கேயோ இருந்து வந்து இங்கே காங்கேயம் ஆனது. அதனால் அது நம்முடையது.

தூய்மைச் சான்றிதழ் கேட்கிறீர்கள். பிரேசிலுக்கு நம் நெல்லூர்ப் பக்கத்து ஓங்கோல் காளைகள் போயின. அங்கே நெலோரே என்ற பெயரில் இன்று கோடிக்கணக்கில் இருக்கின்றன. பார்த்தால் அச்சு அசல் ஓங்கோல். ஆனால் தாயிடமிருந்து மட்டுமே வரும் தாய்வழி மரபணுவைப் பார்த்தபோது, அவற்றில் பெரும்பாலானவற்றின் ஆதித் தாய் ஐரோப்பிய வம்சத்துப் பசு என்று தெரியவந்தது. நம் காளையை அங்கிருந்த பசுக்களுக்குச் சேர்த்து, பிறந்த கிடாரிகளை மறுபடியும் நம் காளைக்கே சேர்த்திருக்கிறார்கள். பாதி, முக்கால், எட்டில் ஏழு என்று ரத்தம் ஏறிக்கொண்டே போகும், தாய்வழி மட்டும் மாறாது. டிஎன்ஏ பரிசோதனையால் நிறையச் சொல்ல முடியும். ஜெர்சி ரத்தம் கலந்திருந்தால் காட்டிக் கொடுக்கும். ஆனால் நூறு சதவீதம் என்று முத்திரை குத்திக்கொள்ள அதை எடுக்காதீர்கள். உங்கள் மாடுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று பார்க்க எடுங்கள்.

ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் அந்த ஒற்றைக் காளைதான். தம்பி, நல்ல மனசோடு இந்த இனத்தைக் கொல்லப் போகிறீர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மந்தையில் மரபணு வகைகள் எவ்வளவு தங்கும் என்பதை அறிய எளிமையான கணக்கு ஒன்று இருக்கிறது. காளைகளின் எண்ணிக்கையையும் பசுக்களின் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஒரு காளையும் ஐம்பது பசுக்களும் இருந்தால் விடை 4-க்குச் சற்றுக் குறைவு. ஐந்நூறு பசுக்கள் வைத்தாலும் அதே 4-தான், அதைத் தாண்டாது. ஐந்து காளைகள் வைத்தால் உங்கள் ஐம்பது பசுக்களுக்கே 18 வந்துவிடும். ஓர் இனம் நலிந்துவிடாமல் நீடிக்க இந்த எண் குறைந்தது 50 இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. முந்நூறு பசுக்களுக்குப் பதின்மூன்று காளைகள் இருந்தால்தான் ஏறக்குறைய அதைத் தொட முடியும். பசுவை எத்தனை பெருக்கினாலும் காளை பெருகாமல் ஒன்றும் ஆகாது. நாம் எல்லோரும் பசுவை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

அமெரிக்க ஹோல்ஸ்டீன் கதை தெரியுமா? இன்று அங்கே சினை ஊசிக்குப் பயன்படும் ஹோல்ஸ்டீன் காளைகள் ஏறக்குறைய அனைத்தும் தந்தை வழியில் 1960-களில் பிறந்த இரண்டே இரண்டு காளைகளிடம் போய்ச் சேர்கின்றன. அதில் ஒன்றான சீஃப் 1962-ல் பிறந்தது. பாலுக்குப் பேர் போன வம்சம். அதன் உடம்பில் ஒரு குறை மறைந்திருந்தது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒருசேர வந்தால் கன்றைக் கருவிலேயே கொன்றுவிடும் குறை. உலகம் முழுக்க சுமார் 5 லட்சம் கருக்கள் அதனால் கலைந்தன என்று பிற்பாடு கணக்கிட்டார்கள். பார்க்க எத்தனை அழகான காளையாக இருந்தாலும் இப்படி ஏதோ ஒன்று அதற்குள் ஒளிந்திருக்கும். மகளைத் தந்தைக்கே சேர்த்தால் பிறக்கும் கன்றில் கால்வாசி மரபணு இடங்களில் இரண்டு பக்கமும் ஒரே பிரதிதான் இருக்கும். ஒளிந்தது அங்கேதான் வெளியே வரும். கன்று சிறுத்துப்போகும், பசு சினை நிற்காது. உடனே நாட்டு மாடு லாயக்கில்லை என்று பழி சொல்லிவிட்டு விற்றுவிடுவார்கள்.

என் அப்பாரு, அதாவது தாத்தா, பள்ளிக்கூடமே போனதில்லை. பசு பருவத்துக்கு வந்தால் விடிவதற்கு முன்பே கயிற்றைப் பிடித்துக் கிளம்பிவிடுவார். நானும் பின்னாலேயே ஓடுவேன். பக்கத்துத் தோட்டத்திலேயே இனப்பெருக்கத்துக்கென்று வளர்த்த நல்ல பூச்சிக்காளை இருக்கும்போது, அதைத் தாண்டி வேறு ஊருக்கு நடப்பார். ஏன் என்று கேட்டால், “அதுதான்டா இவளைப் பெத்தவன்” என்பார். எந்தக் கிடாரி எந்தக் காளைக்குப் பிறந்தது, அந்தக் காளை எந்தச் சந்தையில் பிடித்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அக்கம்பக்கத்து ஊர்களில் ஆளுக்கொரு காளை வைத்திருந்தார்கள். தீவனச் செலவு பார்த்து யாரும் அதை விற்கவில்லை. அப்புறம் டிராக்டர் வந்தது, மோட்டார் வந்தது, சினை ஊசி வந்தது. ஒரு காளையிடம் எடுத்த விந்து ஆயிரக்கணக்கான பசுக்களுக்குப் போதும் என்றானது. முதலில் காணாமல் போனது காளைதான். ஊசியைக் குறை சொல்லவில்லை. காங்கேயம் ஊசியும் கிடைக்கிறது. ஆனால் விந்து அடைத்த குச்சியில் எந்தக் காளையின் எண் இருக்கிறது என்று கேட்டு எழுதி வையுங்கள். ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் போடவிடாதீர்கள்.

வேலையை விட்டு மாட்டுக்கு வந்தவர் நீங்கள். உங்களைப் போல நாலு பிள்ளைகள் வந்தால் போதும் என்று ஏங்கியவன் நான், அதனால்தான் இவ்வளவு கடிந்து எழுதுகிறேன். இந்தச் சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போங்கள். உங்களைப் போலப் பசு வைத்திருக்கும் பத்துப் பேரைப் பிடியுங்கள். ஆளுக்கொரு காளைக்கன்றை, ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத தோட்டங்களிலிருந்து வாங்கி வளர்க்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் காயடித்துவிடாதீர்கள். காளைக்குப் பிறந்த கிடாரிகள் பருவத்துக்கு வருவதற்குள் அதை அடுத்த தோட்டத்துக்கு மாற்றிக்கொள்வது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தீவனச் செலவையும் பசுக் கணக்குப்படி பங்கு பிரித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டாம் வருடமே காளை சந்தைக்குப் போய்விடும்.