பில்லி ஹாலிடேயை எங்கிருந்து தொடங்குவது?

வணக்கம். அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் ‘லேடி இன் சாட்டின்’ ஆல்பத்தைக் கேட்டீர்கள், குரல் உடைந்து கிடக்கிறது, இதையா கொண்டாடுகிறார்கள் என்கிறீர்கள். உங்கள் காதில் கோளாறு இல்லை. அது 1958ல் பதிவானது. மறுவருடமே, 44 வயதில், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். முதலில் கேட்கவேண்டிய ஆல்பம் அல்ல.

1937க்குப் போங்கள். ‘மீ, மைசெல்ஃப் அண்ட் ஐ’, மூன்று நிமிடம்கூட வராது. தாளத்துக்கு ஒரு நூல் பிந்தியே பாடுவார், ஆனால் எங்கும் தடுமாற மாட்டார். பிற்பாதியில் லெஸ்டர் யங்கின் சாக்ஸபோன் குரலோடு கூடவே ஓடிவரும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசியும் சண்டை வராத அதிசயம்! ஹெட்ஃபோன் மாட்டி அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

‘ஷூபி டூபி’ என்று அர்த்தமில்லாமல் பாடுவது உங்களுக்கு ஆகாது என்றும் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் 1963ல் பாடகர் ஜானி ஹார்ட்மன், சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனோடு சேர்ந்து செய்த ஆல்பத்தைக் கேளுங்கள். ஆறே பாட்டு, சுமார் அரை மணி நேரம், அவசரமே கிடையாது. ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய பாடகர்களில் சமாரா ஜாய். ‘லிங்கர் அவைல்’ (2022) ஆல்பத்தில் ‘நாஸ்டால்ஜியா’ பாட்டைத் தேடுங்கள். ஃபேட்ஸ் நவாரோவின் பழைய டிரம்பெட் வாசிப்புக்கு சமாராவே வரிகள் எழுதிப் பாடியிருக்கிறார்.